பழைய சிவிக்கை ஆல் வீல் டிரைவாக மாற்றி டிராக் ரேஸ் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1992 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக், அதாவது ஹோண்டாக்காரர்கள் ஈஜி, ஈகே என்று சொல்லும் இரண்டு தலைமுறைகள். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள முன் சக்கர இயக்க வண்டி. அமெரிக்காவில் டிராக் ரேஸ் (drag race), அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேரான கால் மைல் பாதையை முடிக்கும் போட்டி, ஓட்டுகிறவர்கள் இதற்கு அடியில் ஹோண்டாவின் எஸ்யூவியான சிஆர்-வியின் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி), பின் டிஃபரன்ஷியல் (அந்த விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பகிரும் பல் சக்கரப் பெட்டி) எல்லாவற்றையும் ஏற்றி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக மாற்றுகிறார்கள். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

முன் சக்கரமே நன்றாக இழுக்கிறதே, எதற்கு இந்த வேலை?

குதிரைத்திறன் குறைவாக இருக்கும்வரை தேவையில்லை. டர்போ போட்டு 400, 500 குதிரைத்திறன் தாண்டியதும் பிரச்சினை தொடங்குகிறது. வண்டி வேகம் எடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, ஆனால் இழுக்கிற சக்கரமோ முன்னால் இருக்கிறது. எவ்வளவு வேகமாகக் கிளம்ப முயல்கிறீர்களோ அவ்வளவு எடை, பிடிப்பு தேவைப்படும் டயரை விட்டுப் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 1,000 கிலோ என்று வையுங்கள். நிற்கும்போது முன்னால் 61 சதவீதம், 610 கிலோ. அச்சுகளுக்கு இடையே 2.57 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு 1.5, ஓரளவு நல்ல ஒட்டும் டயர். இந்த எண்களோடு முன் சக்கரம் மட்டும் இழுத்தால் அதிகபட்சம் 0.7 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 மடங்குதான் கிடைக்கும். நாலு சக்கரமும் இழுத்தால், எடை எங்கே சாய்ந்தாலும் அது ஏதோ ஒரு இழுக்கும் டயர் மேல்தான் உட்காரும் என்பதால், முழு 1.5 ஜியும் கிடைக்கும். இரண்டு மடங்குக்கும் மேல். உண்மையான டிராக்கில் முன் சக்கர வண்டிக்காரர்கள் வீலி பார் (பின்பக்கம் அமுங்காமல் தாங்க வண்டிக்குப் பின்னால் நீட்டி வைக்கும் சட்டம்) போட்டு, பின் ஸ்பிரிங்கைக் கல் மாதிரி இறுக்கி இந்த நஷ்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். இருந்தாலும் முதல் 60 அடியில், அதாவது 18 மீட்டரில், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் மாற்றிய உடனே நேரம் குறைந்துவிடுமா?

குறையும், எதுவும் உடையாதவரை. இந்தப் பக்கத்தில் ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான். முன் சக்கர வண்டியில் டயர் சுழன்று போகிறதே, அது நஷ்டம் மட்டும் இல்லை, ஒரு ஃபியூஸும்தான். அளவுக்கு மீறிய முறுக்கு விசை வந்தால் டயர் வழுக்கி அதை விட்டுவிடும், கியருக்கு முழு அடி விழாது. நாலு டயரும் தரையைப் பிடித்துக்கொண்டால் அந்த ஃபியூஸ் போய்விட்டது. இனி வழுக்குவதற்கு வழியில்லாத விசை நேராகக் கியர் பல்லிலும், ஆக்சிலிலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய் இறங்கும். மாற்றம் செய்தவர்களில் பெரும்பாலானோர் முதல் சீசனில் நேரத்தைக் குறைப்பதைவிட உடைந்ததை மாற்றுவதில்தான் அதிக நாள் செலவழிக்கிறார்கள். ஒரு நண்பரின் வண்டிக்கு நான் கைவேலை செய்து கொடுத்த வருஷம், டிராக்குக்குப் போன நாட்களைவிடக் கியர்பாக்ஸை இறக்கிய நாட்கள் அதிகம்.

ஏன் சிஆர்-வி? வேறு எதுவும் பொருந்தாதா?

காரணம் எளிது. முதல் தலைமுறை சிஆர்-வி சிவிக்கின் அடித்தளத்தில் இருந்துதான் பிறந்தது. அதில் இருந்த பி20 எஞ்சின், சிவிக்கிலும் இன்டெக்ராவிலும் வந்த பி16, பி18 எஞ்சின்களின் குடும்பம். ஆகவே சிஆர்-வியின் மேனுவல் நாலு சக்கர கியர்பாக்ஸ் எந்த பி சீரிஸ் எஞ்சினோடும் போல்ட் போட்டு உட்காரும். அமெரிக்காவில் 1998 முதல் அந்த மேனுவல் கியர்பாக்ஸ் கிடைத்தது. பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் இன்றும் அகப்படும்.

அதற்கு முன்பே ஹோண்டா இதைச் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1988 முதல் 1991 வரை அமெரிக்காவில் சிவிக் வேகன் ரியல் டைம் 4WD என்று ஒன்று விற்றார்கள், நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் விசையைக் கடத்தும் இணைப்பு) வைத்த வண்டி. ஜப்பானில் சிவிக் ஃபெரியோ செடானிலேயே நாலு சக்கர இயக்கம் கிடைத்தது. ஆக, இந்த உடம்புக்குள் பின் அச்சுக்கு விசை கொண்டுபோவது ஹோண்டாவுக்கே புதிது இல்லை. அமெரிக்காவில் விற்ற ஹேட்ச்பேக்குக்கு மட்டும் அது வரவில்லை.

பி சீரிஸா, கே சீரிஸா?

கையில் ஏற்கெனவே நல்ல பி சீரிஸ் எஞ்சின் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஹோண்டாவின் அடுத்த எஞ்சின் குடும்பமான கே சீரிஸைத்தான் சொல்வேன். 2002 முதல் 2006 வரை வந்த இரண்டாம் தலைமுறை சிஆர்-வியிலும், ஹோண்டா எலிமென்டிலும் கே24 எஞ்சினோடு மேனுவல் நாலு சக்கர கியர்பாக்ஸ் வந்தது. 2.4 லிட்டர் என்பதால் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. ஒரு சங்கடம் உண்டு: பி சீரிஸ் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் கே சீரிஸ் சுழலும், கியர்பாக்ஸ் உட்காரும் பக்கமும் மாறிவிடும். எனவே எஞ்சின் மவுன்ட், ஆக்சில், வயரிங் எல்லாம் புதிது. ஹாஸ்போர்ட் போன்றவர்கள் சிவிக்கில் கே சீரிஸ் ஏற்ற மவுன்ட் விற்கிறார்கள். ஆனால் நாலு சக்கர கியர்பாக்ஸோடு பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இரண்டு சக்கர மவுன்டை வாங்கிவிட்டு அப்புறம் கிரைண்டரை எடுக்க வேண்டாம்.

சிஆர்-வியின் ரியல் டைம் 4WD எப்படி வேலை செய்கிறது? அப்படியே வைத்து ஓட்டலாமா?

சாதாரண நேரத்தில் அது முன் சக்கர வண்டிதான். பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு ஹைட்ராலிக் பம்ப் இருக்கிறது. ஒன்றை, முன்னாலிருந்து பின்னுக்கு விசை கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது, இன்னொன்றைப் பின் சக்கரம் சுற்றுகிறது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் போனால் ஒரு பம்ப் தள்ளும் எண்ணெயை மற்றது இழுத்துக்கொள்ளும், ஒன்றும் நடக்காது. முன் சக்கரம் வழுக்கி முன்பக்கம் வேகமாகச் சுழன்றால் எண்ணெய் மிஞ்சும், அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் பல தட்டுக் கிளட்சை நெருக்கிப் பின் அச்சுக்கு விசையை அனுப்பும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாமல் எண்ணெயை மட்டுமே வைத்துச் செய்த அழகான வேலை. பனியிலும் சேற்றிலும் போகிற குடும்பத்துக்கு இது போதும்.

டிராக்குக்குப் போதாது. முதலில் முன் டயர் வழுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பின்பக்கம் விழிக்கும், அதற்குள் கிளம்புகிற அந்தக் கணம் முடிந்துவிடும். தாமதமாகக் கிளட்ச் பிடிக்கும்போது விழுகிற அதிர்ச்சிதான் பாகங்களை உடைக்கிறது. அதனால் ரேஸ் ஓட்டுகிறவர்கள் அந்தக் கிளட்சை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறார்கள், அல்லது அந்த இடத்தில் முழு உலோகத் துண்டு ஒன்றைக் கடைந்து போட்டுவிடுகிறார்கள். அப்போது முன்னும் பின்னும் எப்போதும் சேர்ந்தே சுழலும்.

பூட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கென்று ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் இருக்கிறது, அதைத்தான் ஊற்ற வேண்டும். வேறு கியர் ஆயில் ஊற்றினால் வளைவில் பின்பக்கம் உறுமும், அதிரும். எண்ணெய் தவறு என்று தெரியாமல் டிஃபரன்ஷியலையே மாற்றியவர்கள் உண்டு.

பூட்டிவிட்டால் தெருவில் ஓட்ட முடியுமா?

நேராகப் போகலாம். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் போகின்றன, நடுவில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஒரு டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் குறுகலாகத் திருப்பினால் வண்டி இறுகி நிற்கும், டயர் கிறீச்சிடும், முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லில் ஏறும். டிரெய்லரில் ஏற்றி இறக்கி, பிட்டில் (டிராக் ஓரம் வண்டிகளைத் தயார் செய்யும் இடம்) மெதுவாகத் திருப்பிப் போகும் வண்டிக்கு இது பரவாயில்லை. தினமும் ஆபீஸுக்கு ஓட்டவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கும் போக வேண்டும் என்றால் இந்த வழி வேண்டாம்.

டயர் அளவில் இவ்வளவு கண்டிப்பு ஏன்?

மேலே சொன்ன அதே காரணம். 610 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் முன்னுக்கும் பின்னுக்கும் வெறும் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், அது 0.8 சதவீதம். கால் மைலான 402 மீட்டரில் மூன்று மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வருகிறது. பூட்டிய வண்டியில் அந்த மூன்று மீட்டரும் டயரைத் தேய்த்தோ, ஷாஃப்டை முறுக்கியோதான் தீர வேண்டும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். காற்றை நிரப்பிய பிறகு ஒரு டேப் வைத்துச் சுற்றளவை அளந்து பாருங்கள், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள்.

உடம்பில் எவ்வளவு வெட்ட வேண்டும்?

எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். முன்பக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸ் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்துக்கு ஸ்டியரிங் ரேக், சப்ஃபிரேம், டர்போவின் புகைக் குழாய் மூன்றும் போட்டி போடும். ஏதாவது ஒன்றை வெட்டி மாற்றி வெல்டிங் வைக்காமல் முடியாது.

நடுவில் புகைக் குழாய் போகும் பள்ளத்தில்தான் புரொப்பல்லர் ஷாஃப்டும் போக வேண்டும். சிஆர்-வியில் அது துண்டுகளாக, நடுவில் பேரிங் தாங்கி வருகிறது. சிவிக்கின் நீளம் வேறு என்பதால் ஷாஃப்டை அளந்து புதிதாகச் செய்ய வேண்டும், செய்த பிறகு பேலன்ஸ் பார்க்க வேண்டும். வண்டி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பேலன்ஸ் பார்க்காத ஷாஃப்ட் உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் சுழல்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பின்னால்தான் உண்மையான வேலை. பெட்ரோல் டேங்க் சரியாக டிஃபரன்ஷியல் வரும் பகுதியில் குறுக்கே நிற்கிறது, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்பக்கம் ஃபியூயல் செல் (ரேஸுக்கென்று செய்த பாதுகாப்பான சின்ன பெட்ரோல் டேங்க்) வைப்பார்கள். டிஃபரன்ஷியலைத் தொங்கவிட வண்டியின் அடித் தகட்டில் எந்தத் தாங்கியும் இல்லை, வலுவான குறுக்குச் சட்டம் அடித்து உடம்போடு வெல்டிங் செய்ய வேண்டும். சிவிக்கின் பின் சக்கரம் வெறும் முளையில் சுழல்வது, ஆக்சில் நுழைய ஓட்டையே கிடையாது. அதனால் சிஆர்-வியின் டிரெய்லிங் ஆர்மும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஹப்பும் (சக்கரம் போல்ட் போட்டு உட்காரும் நடுப்பகுதி) வர வேண்டும். அது வந்தால் சக்கர போல்ட் நாலிலிருந்து ஐந்தாகி, 114.3 மில்லிமீட்டர் வட்டமாகிவிடும். முன்னாலும் ஐந்து போல்ட் ஹப்பாக மாற்ற வேண்டும். அமெரிக்க இன்டெக்ரா டைப் ஆர் ஹப்புக்கு ஆட்கள் அலைவது இதனால்தான்.

மெல்லிய தகட்டில் டிஃபரன்ஷியல் மவுன்டை நேராக வெல்டிங் வைக்காதீர்கள். முதல் சில கிளம்பல்களில் தகடு கிழிந்துவிடும். தடித்த தகட்டை அகலமாக அடியில் விரித்து, முடிந்தால் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்க உள்ளே வைக்கும் குழாய்ச் சட்டம்) குழாயோடு இணைத்துவிடுங்கள்.

முதலில் என்ன உடையும்?

பலர் முன் ஆக்சில் என்று நினைக்கிறார்கள். மறுபடியும் அந்த 1,000 கிலோ வண்டியை எடுங்கள். 1.5 ஜியில் கிளம்பும்போது ஏறக்குறைய 290 கிலோ பின்னால் சாய்கிறது. முன்னால் 320 கிலோதான் மிச்சம், பின்னால் 680. பூட்டிய வண்டியில் விசை பிடிப்பு இருக்கும் பக்கம்தான் போகும், அதாவது கிளம்புகிற கணத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சுக்குப் போகிறது. சக்கரங்களில் மொத்தம் 4,500 நியூட்டன் மீட்டர் என்றால் 3,000க்கு மேல் பின்னால். பனியில் சறுக்கும்போது கொஞ்சம் உதவட்டும் என்று ஹோண்டா செய்த டிரான்ஸ்ஃபர் கேஸும் சின்னப் பின் டிஃபரன்ஷியலும்தான் அதைத் தாங்க வேண்டும்.

ஆகவே டிரான்ஸ்ஃபர் கேஸின் சாய்வுப் பல், பின் டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் (விசையைத் திருப்பி ஆக்சிலுக்கு அனுப்பும் பல் சக்கர ஜோடி), பின் ஆக்சில் ஆகியவற்றில் கண் வையுங்கள். கியர்பாக்ஸில் ஒன்றாம் கியரும் இரண்டாம் கியரும். டிரைவ்ஷாஃப்ட் ஷாப் போன்றவர்கள் உயர் விசைக்கான ஆக்சில் செய்கிறார்கள், குவைஃப் போன்றவர்களிடம் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) கிடைக்கும். ஆனால் ஒன்றை வலுப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடத்துக்கு உடைப்பு நகரும், அவ்வளவுதான். பணம் மொத்தமாக இல்லையென்றால் பின்னாலிருந்து முன்னோக்கி வலுப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

உடையாமல் கிளம்ப வழி உண்டா?

உண்டு, கிளட்சில் இருக்கிறது. டயர் என்ற ஃபியூஸ் போன இடத்தில் கிளட்சை ஃபியூஸாக வைக்க வேண்டும். டக்கென்று பிடிக்கிற கிளட்ச் இங்கே எதிரி. சூடு தாங்கி, கொஞ்சம் வழுக்கிப் பிடிக்கிற இரட்டைத் தட்டுக் கிளட்ச் நல்லது. டூ ஸ்டெப் (கிளம்பும்வரை எஞ்சின் சுழற்சியை ஓர் அளவில் நிறுத்தி வைக்கும் வசதி) வைத்துக் கிளம்பும் ஆர்பிஎம்மைக் குறைவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 200, 300 என்று மட்டும் ஏற்றுங்கள். எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூவில் கியருக்கு ஏற்றபடி பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வைக்கும் வசதி இருந்தால், ஒன்றாம் கியரில் பூஸ்டைக் குறைத்து இரண்டில் கொஞ்சம் விட்டு மூன்றில் முழுதாகத் திறந்துவிடுங்கள். நாலு சக்கரத்திலும் பிடிப்பு இருப்பதால் ஒன்றாம் கியரில் குறைந்த பூஸ்டிலேயே முன் சக்கர வண்டியைவிட நன்றாகக் கிளம்பிவிடும்.

முன் சக்கர வண்டிக்கு வைத்த சஸ்பென்ஷனை அப்படியே விடாதீர்கள். பின்னால் கல்லாக இறுகிய ஸ்பிரிங் இனி வேண்டாம், வீலி பாரும் வேண்டாம்.

எடை எவ்வளவு கூடும்? மேல் வேகம் குறையுமா?

எழுபது கிலோவுக்கு மேல் கூடும், தாங்கிச் சட்டங்களைப் பொறுத்து இன்னும். கூடுதல் பல் சக்கரங்களைச் சுற்றுவதிலும் கொஞ்சம் திறன் போகும். அதே குதிரைத்திறனில் கால் மைல் முடிவில் வேகம் சற்றுக் குறைவாகவே காட்டும், மொத்த நேரம் மட்டும் குறையும். நீங்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல் ஓடிக்கொண்டே போட்டி போடும் ரோல் ரேஸ் ஆள் என்றால் இந்த மாற்றம் உங்களுக்கு நஷ்டம்தான்.

பாதுகாப்பு விதிகள்?

அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் விதிப்படி ஓடும் டிராக்குகளில், இந்தப் பழைய சிவிக் போன்ற வண்டிக்கு கால் மைல் நேரம் 11.49 நொடி அல்லது அதற்குக் குறைவு என்றால் ரோல் பார் (கேஜைவிடச் சின்ன பாதுகாப்புக் குழாய்ச் சட்டம்), 9.99 வந்துவிட்டால் முழு ரோல் கேஜும் போட்டி உரிமமும் வேண்டும். மணிக்கு 150 மைலைத் தாண்டினால் பாராசூட். முன் சக்கர வண்டியிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுவது டிரைவ்ஷாஃப்ட் லூப், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் உடைந்தாலும் கீழே விழாமல் அதைச் சுற்றி நிற்கும் வளையம். ஸ்லிக் டயரோடு (கோடு வெட்டாத வழுவழுப்பான ரேஸ் டயர்) 13.99 அல்லது அதற்குக் குறைவான நேரம் ஓடினால் அது கட்டாயம். ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் ஜாயின்ட் உடைந்து அதன் முன்முனை கீழே விழுந்து தரையில் குத்தினால் வண்டி தூக்கி எறியப்படும், அல்லது ஷாஃப்ட் வண்டியின் அடித் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். விதி கேட்காவிட்டாலும் போடுங்கள், என் வண்டியாக இருந்தால் லூப் இல்லாமல் டிரெய்லரிலிருந்து இறக்கவே மாட்டேன்.

இதற்குப் பதிலாக மிட்சுபிஷி எக்லிப்ஸ் ஜிஎஸ்எக்ஸ், லான்சர் எவோ, சுபாரு வாங்கிவிடலாமே?

பெரும்பாலானோருக்கு அதுதான் சரியான பதில். தொழிற்சாலையிலேயே நாலு சக்கரமும் டர்போவும் வருகிறது, பாகங்கள் அந்த விசைக்காகவே செய்தவை. ஆனால் அவை 1,400 கிலோ பக்கம் நிற்கும். சிவிக்கில் முந்நூறு கிலோவுக்கு மேல் மிச்சம், அந்த முந்நூறு கிலோவுக்காகத்தான் இவ்வளவு வெட்டும் வெல்டிங்கும். சொந்தமாக வெல்டிங் தெரியாமல், ஒவ்வொரு வேலைக்கும் பட்டறைக்குக் காசு கொடுத்துச் செய்வதாக இருந்தால் எவோ மலிவாக முடியும்.

இந்தியாவில் செய்யலாமா?

1990களின் சிவிக் இங்கே விற்கவே இல்லை, சிவிக் இந்தியாவுக்கு வந்தது 2006இல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே சாலையில் ஓடும் பதிவு வண்டியில் இதைச் செய்யாதீர்கள். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் பேச்சு வேறு.

முதல் நாள் டிராக்கில் என்ன செய்வது?

முழு ஓட்டம் வேண்டாம். மெதுவாகக் கிளம்பி 60 அடி போய் விட்டுவிடுங்கள், பிட்டுக்குத் திரும்புங்கள். வண்டியைத் தூக்கிப் பின் டிஃபரன்ஷியல் மவுன்டின் வெல்டிங்கைச் சுற்றிப் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இதற்காகவே அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது நல்லது. ஆக்சிலின் நீளத்தில் நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள், கோடு முறுக்கிக்கொண்டு தெரிந்தால் அந்த ஆக்சிலுக்கு ஆயுள் முடிகிறது. அன்று மாலையே டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் இரண்டின் எண்ணெயையும் வடித்து, வடிக்கும் போல்ட்டில் உள்ள காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறம் புதுக் கியருக்கு இயல்பு. விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கிடைத்தால் அடுத்த வாரம் ஓட்டம் இல்லை, பெட்டியைத் திறந்துவிடுங்கள்.